சுவிட்ச் போடலாம், அது தானாகத் திரும்பி வரவேண்டும்

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் பழைய கார் வைத்திருக்கும் தமிழ் உறவுகளுக்கு,

முதல் ஸ்னோ கொட்டிய மறுநாள் தொடங்கும் உங்கள் வரவு மார்ச் மாதம் வரை நிற்பதில்லை. "அண்ணை, இந்த ட்ராக்ஷன் கொன்ட்ரோலாலை பெரிய கரைச்சல். நிப்பாட்ட ஒரு சுவிட்ச் போட்டுத் தாங்கோ" என்கிறீர்கள். சிலர் சுவிட்சையும் வயரையும் கடையில் வாங்கிக் கையோடு கொண்டுவருகிறீர்கள். கராஜ் வாசலில், குளிருக்குள், பின்னால் நிற்கிறவர் கோர்ண் அடிக்கும்போது இதற்கு ஒழுங்கான பதில் சொல்ல முடிவதில்லை. "இல்லைத் தம்பி, நீங்கள் கேக்கிற மாதிரிச் செய்யேலாது" என்றால் கோபித்துக்கொண்டு, செய்து தருகிற வேறொருவரைத் தேடிப் போய்விடுகிறீர்கள். அங்கே என்ன செய்து தருகிறார்கள் என்று எனக்குத் தெரியும்; அந்தக் கார்கள் பிறகு என்னிடம்தான் வருகின்றன. ஆகவே, நின்று சொல்ல முடியாததை இருந்து எழுதுகிறேன்.

உங்கள் எரிச்சல் நியாயமானது. என் தொழிலில் உள்ள பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "கொம்பனிக்காரன் தெரியாமலோ வைச்சவன்?" என்று உங்கள் வாயை அடைத்துவிடுகிறார்கள். கொம்பனிக்காரனுக்கு ஸ்காபரோவின் குறுக்குத் தெருக்கள் தெரியாது. நீங்கள் விடியமுன் வேலைக்கு வெளிக்கிடுகிறீர்கள். இரவிரவாகப் பனி தள்ளும் வண்டி வந்து, தெருவைத் துப்புரவாக்கிவிட்டு, வழித்ததையெல்லாம் உங்கள் டிரைவ்வே வாசலில் வரம்பாகக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. காரைப் பின்னுக்கு எடுக்கிறீர்கள். முன்சில்லு அந்த வரம்பில் ஏறியதும் சறுக்குகிறது. அவ்வளவுதான். காஸை எவ்வளவு அமத்தினாலும் எஞ்சின் சத்தம் ஏறாது. டாஷ்போர்ட்டில் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுங்கும். கார் அசையாமல் நிற்கும், பாதி வீட்டிலும் பாதி வீதியிலுமாக. 2004 முதல் 2009 வரையான ரொயோட்டா பிறியஸ் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ட்ராக்ஷன் கொன்ட்ரோலை இயக்கும் கணினிக்குத் தெரிந்தது, எந்தச் சில்லு மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றுகிறது என்பது மட்டுந்தான். ஒவ்வொரு சில்லிலும் உள்ள வேக சென்சர் அதற்குச் சொல்கிறது. எஞ்சின் ஓட்டும் சில்லு வீணாகச் சுற்றத் தொடங்கினால் அதற்கு மட்டும் பிரேக் பிடிக்கும். போதாவிட்டால் எஞ்சினின் வலுவையும் குறைக்கும். 401 நெடுஞ்சாலையில் ஏறுகிற வளைவில் ஈரமும் ஐஸும் கலந்து கிடக்கும்போது இந்த வேலை உங்களைக் காப்பாற்றுகிறது. வீணாகச் சுற்றும் சில்லுக்குப் பக்கவாட்டில் பிடி இருக்காது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் முன்சில்லால் ஓடும் கார் நேரே போய்க்கொண்டிருப்பது அதனால்தான். டிரைவ்வே வாசலில் புதைந்த காருக்கோ கதை வேறு. அங்கே சில்லு கொஞ்சம் சுற்றத்தான் வேண்டும். சுற்றினால்தான் தளர்ந்த பனியைத் தள்ளி, அடியில் இருக்கும் தாரைத் தொடும். முன்னுக்கும் பின்னுக்குமாக ஆட்டி எடுப்பதற்கும் அந்தச் சுற்று வேண்டும். கணினி விடாது.

பல கார்களின் கைநூலிலேயே, பனியிலோ சேற்றிலோ புதைந்தால் ட்ராக்ஷன் கொன்ட்ரோலை நிறுத்திவிட்டு வெளியே எடுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களே சில மாதிரிகளுக்கு நிறுத்தும் பொத்தானைக் கொடுக்காமல் விட்டார்கள். விலைகூடிய மாதிரியில் பொத்தான் இருக்கும். அதே காரின் விலைகுறைந்த மாதிரியில் அந்த இடத்தை ஒரு வெறும் பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும். அந்த மூடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் வயிறெரியும். பழைய பிறியஸில் அந்த மூடிகூட இல்லை. அதன் மின் மோட்டருக்கும் சில்லுக்கும் நடுவே கிளச் கிடையாது. சில்லு கட்டுமீறிச் சுற்றிச் சட்டென்று பிடித்தால் அந்த அடி உள்ளே வரைக்கும் போகும். அதனால் அதன் கணினி மற்றக் கார்களைவிட அவசரப்பட்டு வலுவை வெட்டுகிறது. காரணம் சரி, ஆனால் காலை ஐந்து மணிக்குக் காருக்குள் இருக்கிறவருக்கு அந்தக் காரணத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆக, சுவிட்ச் கேட்பது குற்றமில்லை. சட்டமே அதைக் குற்றமாக நினைக்கவில்லை. 2011 செப்டம்பர் 1 முதல் கனடாவில் புதிய கார்களுக்கு, கார் சறுக்கித் திசைமாறாமல் பார்க்கும் ஸ்டெபிலிட்டி கொன்ட்ரோல் கட்டாயமாக்கப்பட்டது. ட்ராக்ஷன் கொன்ட்ரோல் அந்த ஏற்பாட்டோடு சேர்ந்தே வருகிறது. விதியை எழுதியவர்கள் நிறுத்தும் பொத்தானுக்கும் இடம் விட்டார்கள், இரண்டு நிபந்தனைகளோடு. நிறுத்தியிருக்கும் நேரமெல்லாம் டாஷ்போர்ட்டில் விளக்கு எரியவேண்டும். காரை நிற்பாட்டி மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது, யாரும் எதையும் அமத்தாமலே, அது திரும்ப வேலைசெய்யத் தொடங்கவேண்டும். காலையில் பனியில் நிறுத்திய மனிதர் மாலையில் மறந்துவிடுவார் என்று தெரிந்து எழுதிய விதி அது. உங்கள் கார் 2011க்கு முந்தியது. அந்த விதி அதைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தாவிட்டாலும் நீங்களாகவே அந்த விதியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இப்போது வெளியில் நடப்பதைப் பாருங்கள்.

சுலபமான வழி என்று உங்களுக்குச் சொல்லப்படுவது, பிரேக் அடிக்கும்போது சில்லு இறுகாமல் பார்க்கும் ஏபிஎஸ்ஸின் பியூஸைப் பிடுங்குவது, அல்லது அந்தப் பியூஸின் வயரை வெட்டி நடுவில் ஒரு டொகிள் சுவிட்சைக் கொழுவுவது. ட்ராக்ஷன் கொன்ட்ரோல் தனியாக இயங்கும் ஒரு பொருள் அல்ல. ஏபிஎஸ்ஸின் சென்சர்கள், ஏபிஎஸ்ஸின் பம்ப், ஏபிஎஸ்ஸின் கணினி, இவற்றின் மேல்தான் அது ஏறிக் குந்தியிருக்கிறது. பியூஸைப் பிடுங்குவது மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துகிற வேலை. ஏபிஎஸ் போய்விடும். ஸ்டெபிலிட்டி கொன்ட்ரோல் இருந்தால் அதுவும் போகும். முன்சில்லுக்கு எவ்வளவு, பின்சில்லுக்கு எவ்வளவு என்று பிரேக் வலுவைப் பங்கிடும் வேலையைப் பல கார்களில் அதே பெட்டிதான் பார்க்கிறது. அது நின்றால், பலமாகப் பிரேக் அடிக்கும்போது பின்சில்லுகள் முதலில் இறுகி, கார் பம்பரம்போலச் சுற்ற இடமுண்டு. சிவப்புப் பிரேக் விளக்கும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் ஒன்றாக எரியும் காரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது சொல்வது இதைத்தான். சில கார்களில் வேகமானி முள்ளும் எழும்பாது.

பிறியஸ்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் காரின் பிரேக் பெடலுக்கும் சில்லுக்கும் இடையே சாதாரண ஓட்டத்தில் இருப்பது கணினி. நீங்கள் மிதிக்கும் அளவை அது படித்து, மோட்டரால் எவ்வளவு, பிரேக் கட்டையால் எவ்வளவு என்று முடிவெடுக்கிறது. அந்த ஏற்பாடு முற்றாக நின்றால் மிஞ்சுவது முன்சில்லு இரண்டுக்கும் உங்கள் காலின் பலத்தால் மட்டும் போகிற பிரேக்தான். அந்தக் காரில் பிரேக் பியூஸ்களில் கைவைக்கச் சொல்கிறவருக்கு அந்தக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் எவ்வளவு பேர் பார்த்திருந்தாலும் சரி.

இன்னொரு வழி, ஒரு சில்லின் சென்சர் வயரை வெட்டிச் சுவிட்ச் வைப்பது. சுவிட்சைத் தட்டினால் கணினி, "சென்சர் பழுது" என்று நினைத்துத் தன் வேலைகளை விட்டு ஒதுங்கிக்கொள்ளும். பியூஸைவிடக் கெட்டித்தனமான வேலைபோலத் தெரியும். விளைவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏபிஎஸ்ஸும் சேர்ந்துதான் போகும். மேலும் அந்த சென்சரின் சைகை மிக நுண்ணியது. வெட்டி முறுக்கி, ரேப் சுற்றிய இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால், நீங்கள் சுவிட்சைத் தொடாத நாளிலும் அது விட்டுவிட்டு வேலைசெய்யும். ஒன்ராறியோவில் உப்புத் தண்ணீர் படாத இடம் காரில் எது?

டொகிள் சுவிட்சின் பெரிய தீமை இவை எதுவுமில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கும். டிசம்பரில் ஒரு காலை நிறுத்தினால் ஜனவரி முழுக்க நிறுத்தியபடி. எரிகிற விளக்குக்குக் கண் பழகிவிடும். அந்தக் காரை மகன் எடுத்துக்கொண்டு போவான். ஜி2 லைசென்ஸ் எடுத்து ஆறு மாதமும் ஆகாதவன். ஓல்ட் கிங்ஸ்டன் ரோட்டில் ஹைலண்ட் கிறீக் பள்ளத்துக்குள் இறங்கும்போது, தான் பழகிய கார் இது அல்ல என்று அவனுக்குத் தெரியாது. வகுப்பில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது, அவசரத்தில் பிரேக்கை முழுப்பலத்தோடு மிதித்துப் பிடித்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பு என்பது. ஏபிஎஸ் இல்லாத காரில், ஐஸில், அதைச் செய்தால் சில்லு இறுகிவிடும், கார் திரும்பாது.

எனக்கு மறக்காத கார் ஒன்று உண்டு. பல்கலைக்கழகம் போகிற ஒரு பிள்ளை, தனியாரிடம் வாங்கிய செடான். "பிரேக் அடிச்சால் ஒரு மாதிரி இழுக்குது அங்கிள்" என்று கொண்டுவந்தாள். விளக்கு எதுவும் எரியவில்லை. கீழே குனிந்து பார்த்தால், ஸ்டியரிங்குக்கு அடியில், முழங்காலுக்கு எட்டும் இடத்தில் ஒரு கறுப்புச் சுவிட்ச். பெயரில்லை, அடையாளமில்லை. அதிலிருந்து போன வயர் ஏபிஎஸ்ஸுக்கு. விளக்கு ஏன் எரியவில்லை என்று டாஷ்போர்ட்டைக் கழற்றினேன். ஏபிஎஸ் விளக்கின் பல்பை யாரோ பிடுங்கியிருந்தார்கள். காரைச் சேஃப்டி பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது பல்பும் இருந்திருக்கும், சுவிட்சும் சரியான பக்கம் இருந்திருக்கும். சான்றிதழ் கையில் கிடைத்த பிறகு இரண்டும் மாறியிருக்கின்றன. விற்றவர் யார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சுவிட்சைப் போட்டவரும் உங்களைப்போலப் பனியில் நின்று சலித்த ஒருவராகத்தான் இருந்திருப்பார். தனக்குத் தெரியும், தான் கவனமாக ஓட்டுவேன் என்ற நினைப்பில் போட்டிருப்பார். கார் கைமாறும்போது அந்தக் கவனம் கூடப் போவதில்லை, சுவிட்ச் போகிறது.

ஸ்டெபிலிட்டி கொன்ட்ரோல் உள்ள காரை இப்படிக் கெடுப்பவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் பல ஆண்டு விபத்துத் தரவுகளை ஆராய்ந்து கண்டது, தனிக்கார் சறுக்கி உயிர்போகும் விபத்தின் ஆபத்தை இந்த ஏற்பாடு ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று. சீற் பெல்ற்றுக்கு அடுத்தபடியாக உங்கள் உயிருக்கு இவ்வளவு உதவும் வேறொன்று காரில் அரிது. டிரைவ்வே வாசலில் பத்து நிமிடம் மிச்சம் பிடிப்பதற்காக அதை விற்காதீர்கள்.

சுவிட்ச் கேட்டு வருகிற உங்களில் கணிசமானோருக்குத் தேவை சுவிட்சே அல்ல. "காய்ஞ்ச றோட்டிலையும் விளக்கு மினுங்குது, திரும்பேக்கை வலு குறையுது" என்று சொல்வீர்கள். அது ட்ராக்ஷன் கொன்ட்ரோலின் குணம் இல்லை. கார் நோயைச் சொல்கிறது. இங்கே வீதிக்குக் கொட்டும் உப்பு, சென்சர் உட்காரும் இடத்தில் துருவை வளர்க்கும். துரு சென்சரை மெல்ல மேலே தூக்கும், இடைவெளி கூடும், சைகை பலவீனமாகும், அந்தச் சில்லைப் பற்றிக் கணினிக்குப் பொய்த் தகவல் போகும். நிற்பதற்குச் சற்று முன், கார் ஊர்கிற வேகத்தில், பிரேக் பெடல் காலுக்குக் கீழே கடகடவென்று அதிர்ந்தால் அதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ஜீஎம் கொம்பனி தன் பிக்கப் வண்டிகளை, அமெரிக்காவில் உப்புப் போடும் மாநிலங்களில், 2005இல் இதற்காகவே திரும்ப அழைத்தது. பெயரிங் தேய்ந்து ஆடினாலும், சென்சர் படிக்கும் பல்வளையம் துருவால் வெடித்தாலும் இதே கோளாறு வரும். முன்னுக்கு இரண்டு புது ரயர், பின்னுக்கு வேறு அளவில் இரண்டு பழைய ரயர் என்று ஓட்டினாலும் வரும். சின்ன ரயர் அதிக சுற்றுச் சுற்றும், கணினி அதைச் சறுக்கல் என்று எண்ணும். துருவைச் சுரண்டித் துப்புரவாக்கி சென்சரை வைத்துப் பூட்டும் வேலை, சுவிட்ச் போடுகிற கூலியைவிடக் குறைவாகவும் முடியலாம். என்ன கோளாறு என்று பார்க்காமல் சுவிட்ச் போடச் சொல்வது எனக்கு விளங்குவதேயில்லை.

மிச்சப்பேர் ரயரைப் பாருங்கள். தயவுசெய்து. ஓல் சீசன் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள்; வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் அந்த ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் படம் போட்ட ரயர்தான் விண்டர் ரயர். அதிலும் பூவின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேய்ந்துவிட்டால் பனி வீதிக்கு ஆகாது என்று ரான்ஸ்போர்ட் கனடா சொல்கிறது. கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோ அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 2016 முதல் இங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் விண்டர் ரயருக்குக் கழிவு கொடுத்தாகவேண்டும். எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்கினீர்கள்? காய்ந்த தாரில் கிடைக்கும் பிடியில் மூன்றில் ஒரு பங்குகூட அமுங்கிய பனியில் கிடைக்காது, ஐஸில் அதிலும் குறைவு. அந்தக் கொஞ்சத்தைத்தான் கணினி பங்கிட்டுத் தருகிறது. சுவிட்ச் போட்டால் பிடி கூடாது. ரயர் மாற்றினால் கூடும். நல்ல விண்டர் ரயர் போட்ட பிறகும் சுவிட்ச் வேண்டும் என்று திரும்பி வருகிறவர்கள் குறைவு. அப்படி வருகிறவர்களோடு நான் பிறகு வாதாடுவதுமில்லை.

அவர்களுக்கு என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் காரில் ஏற்கனவே ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சில ரொயோட்டா, லெக்சஸ் கார்களில் கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் குறித்த ஒழுங்கில் இயக்கினால் அந்த ஓட்டத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடுகள் ஒதுங்கிக்கொள்ளும். பழைய பிறியஸிலும் சோதனைக் கூடங்களுக்கென்று வைத்த ஒரு நிலை உண்டு. அவை வீதிக்கென்று வைத்தவை அல்ல. புதைந்த இடத்திலிருந்து வெளியே எடுக்கும் சில நிமிடத்துக்கு மட்டும் உதவும். காரை நிற்பாட்டித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் எல்லாம் பழையபடி வந்துவிடும். வயர் வெட்டவில்லை, காசு செலவில்லை. உங்கள் காருக்கு எது பொருந்தும் என்று என்னிடம் கேளுங்கள், காட்டித் தருகிறேன்.

இரண்டாவது, அந்தப் பிளாஸ்டிக் மூடி. விலைகூடிய மாதிரிக்கும் குறைந்த மாதிரிக்கும் ஒரே கணினிப் பெட்டியைப் பாவித்த கார்கள் பல உண்டு. பொத்தானுக்கான முனை பெட்டியில் இருக்கும். வயர் மட்டும் வந்திருக்காது. அந்தக் காரின் மின்சுற்றுப் படத்தை எடுத்து, அந்த முனை உண்மையில் வேலைசெய்கிறதா என்று உறுதிப்படுத்தி, மூடி இருந்த இடத்தில் கொம்பனியின் பொத்தானையே வைத்து வயர் இழுக்கலாம். அமத்திவிட்டுக் கையை எடுத்தால் பொத்தான் பழைய இடத்துக்கு வரும். அது கணினிக்கு "இப்போது நிறுத்து" என்று ஒரு சைகை மட்டும் கொடுக்கும். நிறுத்துவது கணினியே. ஆகவே ஏபிஎஸ் அப்படியே இருக்கும், பிரேக் பங்கீடு அப்படியே இருக்கும், விளக்கும் எரியும், அடுத்த ஸ்டார்ட்டில் எல்லாம் திரும்பி வந்துவிடும். புதிய கார்களுக்குச் சட்டம் கேட்பதும் இதைத்தான். உங்கள் பெட்டியில் அந்த முனை இல்லையென்றால், "இல்லை" என்று சொல்வேன். வேறு ஏதாவது வயரை வெட்டிச் சமாளிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அந்தக் காரோடு ஒரு சவளும் ஒரு பை மணலும் கொடுத்து அனுப்புவதுதான் நான் செய்யக்கூடியது. கேலியில்லை. சில்லின் முன்னாலும் பின்னாலும் வழித்து, மணலோ கிற்றி லிற்றரோ தூவினால் பெரும்பாலான டிரைவ்வேக்களில் கார் எழும்பிவிடும்.

பொத்தான் கிடைத்தவர்கள் அதைப் பாவிக்கும் விதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். புகைக்குழாய் வாயில் பனி அடைத்திருந்தால் முதலில் அதைத் தோண்டி எடுங்கள்; அடைத்த குழாயோடு எஞ்சினை ஓடவிட்டால் நச்சுவாயு காருக்குள் வரும். ஸ்டியரிங்கை நேராக வையுங்கள். காஸை மெல்லத் தொடுங்கள், முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுங்கள். கார் எழும்பாவிட்டால் இன்னும் அமத்துவது பிழை. ஒரு சில்லு பிடித்து நிற்க மற்றச் சில்லு சுற்றும்போது, வேகமானி காட்டும் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் அந்தச் சில்லு சுற்றுகிறது. முள் 50இல் நின்றால் சில்லு 100இல். ரயர் வெடித்து ஆள் காயப்படுவதும், டிபரன்ஷியல் உடைவதும் இப்படித்தான். பின்னால் நின்று தள்ளுகிற பிள்ளைகளை விலகி நிற்கச் சொல்லுங்கள். வீதிக்கு ஏறியதும் பொத்தானை மறுபடி அமத்தி எல்லாவற்றையும் வேலைக்குக் கொண்டுவாருங்கள். மறந்தாலும் அடுத்த ஸ்டார்ட் பார்த்துக்கொள்ளும்.

நான் கேட்பது இவ்வளவுதான். யாரிடம் போனாலும் சரி, என்னிடம் வரவேண்டும் என்றில்லை, ஏபிஎஸ்ஸைச் சேர்த்து நிறுத்தும் சுவிட்சை ஏற்காதீர்கள். காரை நிற்பாட்டினால் தானாகத் திரும்பி வராத சுவிட்சை ஏற்காதீர்கள். எந்த வயர், எந்த முனை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவர் அந்த வேலையைத் தானே நம்பவில்லை. காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். வீட்டில் அந்தக் காரை ஓட்டும் எல்லோருக்கும், மனைவி, மாமா, ஜி2 எடுத்த பிள்ளை எல்லோருக்கும், பொத்தான் எங்கே, அமத்தினால் என்ன நடக்கும் என்று காட்டுங்கள். விற்கும்போது அந்தப் பில்லையும் சேர்த்துக் கொடுங்கள். ஏபிஎஸ் விளக்கு பழுது காட்டினால் சேஃப்டி கிடைக்காது என்பதற்காகச் சுவிட்சைத் திருப்பி, பல்பைச் செருகி, சான்றிதழ் வாங்கி விற்கிறவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அந்தக் காரை வாங்குகிறவர் பெரும்பாலும் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பிள்ளைதான்; எங்கள் ஆக்கள் விற்கிறார்கள் என்று நம்பி, காசை எண்ணிக் கொடுத்து வாங்குகிறது.

ஏபிஎஸ்ஸைச் சேர்த்து நிறுத்தும் சுவிட்ச் உங்கள் காரில் ஏற்கனவே இருந்தால், ஒக்ரோபர் முடியமுன் கொண்டுவாருங்கள். யார் போட்டது என்று கேட்கமாட்டேன். கழற்றி, வெட்டிய வயரை ஒழுங்காக ஒட்டி, சென்சர் நான்கையும் துப்புரவாக்கித் தருகிறேன். வரும்போது விண்டர் ரயர் இருந்தால் அவற்றையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள், ஒரே தரத்தில் மாற்றிவிடலாம். கைநூலையும் எடுத்து வையுங்கள். அது அனேகமாகக் கிளவ் பொக்ஸின் அடியில், பழைய பார்க்கிங் ரிக்கற்றுகளுக்குக் கீழே கிடக்கும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் மெக்கானிக்